டோயிக் லிசனிங்: காது எந்த இடத்தில் தவறவிடுகிறது?

போன வருடம் மார்ச்சில் டோயிக் என்ற வேலையிட ஆங்கிலத் தேர்வை முதல் தடவை எழுதினேன். லிசனிங்கில் 495-க்கு 315 வந்தது. நவம்பரில் மறுபடி எழுதினேன், 440. நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன், நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் இமெயில், ஆங்கிலத்தில்தான் ஃபோன், அப்படி இருந்தும் 315 தானா என்பதுதான் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆங்கிலம் தெரியாமல் போன மார்க் இல்லை அது. தெரிந்த சொல்லையே காது பிடிக்காமல் விட்டதால் போனது. இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உங்களுக்கு அந்த ஒரு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோயிக் 1979-ல் ஜப்பானில் தொடங்கியது, தயாரிப்பது இடிஎஸ் என்ற அமெரிக்கத் தேர்வு நிறுவனம். லிசனிங் அண்ட் ரீடிங் தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 2 மணி நேரம். முதல் 100 கேள்வி லிசனிங், சுமார் 45 நிமிடம். அதில் படத்தைப் பார்த்துச் சொல்வது 6, கேள்விக்குப் பதில் தேர்ந்தெடுப்பது 25, உரையாடல் 39, ஒருவரே பேசும் பேச்சு 30. எதுவுமே ஒரு தடவைதான் ஒலிக்கும். குரல்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று மாறிமாறி வரும். கேள்வித்தாளில் குறிப்பெடுக்கக் கூடாது, அடிக்கோடும் போடக் கூடாது. தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

முதல் தேர்வு முடிந்து சில வாரத்தில் வேலையிடத்தில் ஒரு தவறு செய்தேன். அமெரிக்காவில் இருக்கும் சப்ளையர் ஒருவர் ஆன்லைன் மீட்டிங்கில், இந்த வாரம் எத்தனை ரீல் அனுப்ப முடியும் என்று சொன்னார். நான் 30 என்று எழுதிக்கொண்டேன். பெட்டி வந்தது, உள்ளே 13 ரீல். உற்பத்தி லைன் அரை ஷிஃப்ட் நின்றது. நல்ல வேளையாக (அல்லது கெட்ட வேளையாக, அன்று எனக்கு எதுவென்று தெரியவில்லை) அந்த மீட்டிங் பதிவாகி இருந்தது. ஒன்பது தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது "வி கேன் ஷிப் தேர்ட்டீன் நவ்". முதல் நாலு தடவையும் எனக்கு "தேர்ட்டி நவ்" என்றுதான் கேட்டது. ஐந்தாவது தடவைதான் பிடிபட்டது: தேர்ட்டீனின் கடைசி "ன்" அடுத்து வரும் "நவ்"வின் "ந"வோடு ஒட்டிப்போய்விட்டது. நான் அந்த "ன்"னுக்காகக் காத்திருந்தேன், அது தனியாக வரவே இல்லை.

அப்படியானால் 13-ஐயும் 30-ஐயும் எப்படிப் பிரிப்பது? நடு எழுத்தைக் கேளுங்கள். அமெரிக்கர் 13 சொல்லும்போது நடுவில் வருவது "பாட்டி"யில் வரும் ட்ட மாதிரி அழுத்தமாக விழும். 30 சொல்லும்போது அது "பாடி"யில் வரும் டி மாதிரி இளகிவிடும். 14, 40-லும் இதேதான், 18, 80-லும் இதேதான். பாட்டிக்கும் பாடிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் கொடுத்தால் போதும். ஃபோனில் சந்தேகம் வந்தால் "ஒன் த்ரீயா, த்ரீ ஸீரோவா" என்று இப்போதெல்லாம் தயங்காமல் கேட்டுவிடுகிறேன். தேர்வில் அப்படிக் கேட்க முடியாது, அதனால் காதுதான் பழக வேண்டும்.

அந்த ஒன்பது தடவையில் கற்றதை அதற்கு முன் ஆறு மாதம் பாட்காஸ்ட் கேட்டும் கற்கவில்லை. நான் தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கம்பெனி பஸ் காலையில் பாலத்தில் ஏறி நெரிசலில் நகர்ந்து தீவுக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம்கூட ஆகும், அந்த நேரம் முழுக்கக் காதில் ஏதாவது ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும். பொதுவாக என்ன பேசுகிறார்கள் என்பது புரிந்துவிடும், புரியாத இடம் தானாகக் கடந்து போய்விடும். எது புரியவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நம் ஊரில் பேசும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சம எடை கொடுத்துப் பேசுகிறோம். "ஷுட் ஹேவ்" என்றால் இரண்டு சொல்லும் முழுசாக வரும். அந்த நாலு நாட்டுக் குரலிலும் அது "ஷுடவ்". "டிட் யூ" என்பது "டிஜு". "செக் இட் அவுட்" என்பது "செக்கிடவுட்". முதலில் எனக்கு இது அவசரப் பேச்சு என்று தோன்றியது, அப்புறம் பார்த்தால் இது தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த புணர்ச்சிதான். தமிழ் என்பதோடு அமுது சேர்ந்தால் தமிழமுது, மெய்யின் மேல் உயிர் ஏறிக்கொள்கிறது, செக் என்பதன் கடைசி மெய்யின் மேல் இட் ஏறிக்கொள்வதும் அப்படித்தான். நம் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள், "வந்துகொண்டிருக்கிறேன்" என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? "வந்துட்ருக்கேன்" தான். புத்தகத்தில் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரர் அதைக் கேட்டுத் திகைத்தால் அவருக்குத் தமிழ் தெரியாது என்று நாம் சொல்ல மாட்டோம், பேச்சு பழகவில்லை என்போம். நானும் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, நான் செய்த பயிற்சி. ஒரு நாளைக்கு 40 வினாடி ஆடியோ, அவ்வளவுதான், ஆனால் அதைவிட்டு நகராமல் 30 நிமிடம். முதல் தடவை கையில் எதுவும் இல்லாமல் கேட்பேன். இரண்டாவது தடவை முதல் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுவேன், கேட்காத இடத்தில் காலி விடுவேன். நாலைந்து தடவைக்கு மேல் ஓடவிட்டும் வராவிட்டால் எழுத்து வடிவத்தைத் திறந்து காலி இடத்தைச் சிவப்புப் பேனாவால் நிரப்புவேன். இதற்குப் பிறகு செய்வதுதான் முக்கியம், பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு சிவப்புக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதினேன். சொல்லே தெரியாதா? தெரிந்த சொல்தான், ஒலி வேறாக வந்ததால் விட்டேனா? இல்லை, எல்லாம் கேட்டது, அர்த்தம் சேர்ப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குச் சொல் படிக்க வேண்டும், இரண்டாவதற்கு அந்த இரண்டு வினாடியை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டு அதே வேகத்தில் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும், மூன்றாவதற்கு நிறுத்தாமல் கேட்டுப் பழக வேண்டும். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் என் சிவப்பில் பெரும்பாலானது இரண்டாவது வகை. அதுவரை நானோ சொல் பட்டியல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

வேகத்தைக் குறைத்துக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் குறைந்தால் அந்த ஒட்டுதல் எல்லாம் இழுபட்டு வேறு ஒலியாகிவிடுகிறது, தேர்வில் வருவது அந்த ஒலி இல்லை. துண்டைச் சின்னதாக்குங்கள், வேகத்தை அப்படியே விடுங்கள். வாயால் சொல்வது ஏன் என்று கேட்கலாம். "ஷுடவ்" என்று என் வாய் சொல்லப் பழகிய பிறகுதான் அதைக் காது அடையாளம் கண்டது, என் அனுபவத்தில் அந்த வரிசை மாறியதே இல்லை.

கேள்வி பதில் பகுதி, அந்த 25, எனக்கு ரொம்ப மார்க் தின்றது. கேள்வியும் அச்சில் இருக்காது, மூன்று பதிலும் அச்சில் இருக்காது, எல்லாம் காதில்தான். இதே தேர்வை எழுதியிருந்த எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அக்கா ஒருவர் நான் பயிற்சி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீ பதிலக் கேக்கல தங்கச்சி, கேள்வியில வந்த வார்த்தையத் தேடிட்டு இருக்க" என்றார். சரியாகச் சொன்னார். "ஹேஸ் தி ரிப்போர்ட் பீன் சென்ட்?" என்று கேள்வி. ஒரு பதிலில் "ரிப்போர்ட்டர்" என்று வரும், இன்னொன்றில் "சென்ட்" மாதிரியே ஒலிக்கும் நாணயம் வரும், மூன்றாவது பதில் "தி ப்ரின்ட்டர்ஸ் பீயிங் ரிப்பேர்ட்". கேள்வியில் இருந்த சொல் எதுவும் அதில் இல்லை, ஆனால் அதுதான் பதில்: பிரின்ட்டர் பழுதுபார்ப்பில் இருக்கிறது, அதனால் இன்னும் போகவில்லை. நாமும் அப்படித்தானே பேசுகிறோம், "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் "இப்பதான் வேலை முடிஞ்சுச்சு" என்கிறோம், இல்லை என்று சொல்வதே இல்லை, கேட்டவருக்கும் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே மாதிரி ஒலிக்கும் சொல் வந்தால் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். எல்லா நேரமும் அது தப்பு என்று இல்லை, ஆனால் அதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கேள்வியின் முதல் சொல்லை, ஹூவா வென்னா வேரா என்பதை, பதில் முடியும்வரை மனதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

உரையாடல், பேச்சு இரண்டிலும் ஒரு ஆடியோவுக்கு மூன்று கேள்வி, கேள்வி அச்சில் இருக்கும். ஆடியோ தொடங்குவதற்கு முன் மூன்றையும் படித்துவிட வேண்டும். பகுதியின் விதிமுறையை வாசிக்கும்போது அதைக் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் முதல் மூன்று கேள்வியைப் படியுங்கள். பெரும்பாலும் கேள்வி வரும் வரிசையிலேயே பதிலும் வரும்: முதல் கேள்வி எங்கே பேசுகிறார்கள், யார் என்று, கடைசிக் கேள்வி அடுத்து என்ன செய்வார் என்று. மார்ச்சில் நான் என்ன செய்தேன் என்றால், ஒரு உரையாடலில் இரண்டாவது கேள்வி நழுவிவிட்டது, அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன், அடுத்த உரையாடலின் கேள்விகளைப் படிக்கவில்லை, அது தொடங்கிவிட்டது, அதுவும் போனது, அதற்கு அடுத்ததும் பாதி போனது. ஒன்றில் விழுந்த ஓட்டை ஆறு மார்க் வரை போயிற்று. நவம்பரில் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: கேள்வி தவறிப்போனால் உடனே ஏதாவது ஒன்றைக் கருப்பாக்கிவிட்டுக் கண்ணை அடுத்த மூன்றுக்குக் கொண்டுபோவது. வீட்டில் பயிற்சி செய்யும்போதே இதைப் பழகுங்கள், வேண்டுமென்றே ஒரு கேள்வியை விட்டுவிட்டு நகருங்கள், மனது அதற்கு ரொம்பவும் முரண்டுபிடிக்கும்.

அட்டவணையோ வரைபடமோ பார்த்துப் பதில் சொல்லும் கேள்வி சில வரும். விடையாகக் கொடுத்திருப்பது பெயர் என்றால் ஆடியோவில் பெயரை நேராகச் சொல்ல மாட்டார்கள், பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் நேரத்தையோ விலையையோ சொல்வார்கள். அதனால் விடையில் இல்லாத பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்று, கேட்ட சொல் விடையில் அப்படியே இருக்காது. ஆடியோவில் மேசை, நாற்காலி, விடையில் "ஃபர்னிச்சர்". வணிகச் சொல்லில் என்னைப் பல தடவை கவிழ்த்தது "மூவ்ட் அப்". மீட்டிங் மூவ்ட் அப் என்றால் தள்ளிப்போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது முன்கூட்டியே வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். "புஷ்ட் பேக்" தான் தள்ளிப்போடுவது. "வெய்வ்" என்றால் கட்டணத்தை வேண்டாம் என்று விட்டுவிடுவது, "ரீஇம்பர்ஸ்" என்றால் நீங்கள் செலவழித்ததைத் திருப்பிக் கொடுப்பது, "ஓவர்டியூ" தவணை தாண்டியது. இவற்றைப் பட்டியலாகப் படிக்காமல் வாக்கியத்தோடு காதில் கேட்டுப் படித்ததுதான் மனதில் நின்றது.

எதைக் கேட்பது? இடிஎஸ் தன் இணையத்தளத்தில் மாதிரித் தேர்வு வைத்திருக்கிறது, முதலில் அது. அது தீர்ந்த பிறகு எனக்கு அதிகம் உதவியவை பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முதலீட்டாளர்களோடு நடத்தும் தொலைபேசிக் கூட்டங்கள். ஆடியோ இலவசம், பலவற்றுக்கு எழுத்து வடிவமும் கிடைக்கும், தயார் செய்யாத பேச்சு என்றால் பின்பாதியில் வரும் கேள்வி பதில்தான், அங்கே ஒட்டுதல் எல்லாம் நிறைய இருக்கும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அது கடினம், பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சி போதும், எழுத்து வடிவமும் அதே பக்கத்தில் இருக்கும். பிஎஃப்எம் 89.9 வானொலி நம் நாட்டு வணிகச் செய்திக்கும் சொல்லுக்கும் நல்லது, நான் இன்றும் கேட்கிறேன், ஆனால் அதிகம் வருவது நம் ஊர்க் குரல்தான், தேர்வில் வரும் நாலு குரலுக்கு அது மட்டும் போதாது. பஸ்ஸில் புதிய ஆடியோ கேட்பதை நிறுத்திவிட்டேன், முந்தின நாள் மேசையில் உட்கார்ந்து திறந்து பார்த்த அதே 40 வினாடியைத்தான் பஸ்ஸில் ஓடவிடுவேன், இரைச்சலிலும் கேட்டால் அது எனக்குச் சொந்தமாகிவிட்டது என்று கணக்கு.

கேம்பிரிட்ஜின் பிசினஸ் தேர்வுகள் எழுதப் போகிறவர்களுக்கும் இந்த நோட்டு முறை பொருந்தும். அதன் மூன்று நிலையில் நடுவில் உள்ள வேண்டேஜில் லிசனிங் சுமார் 40 நிமிடம், 30 கேள்வி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை ஒலிக்கும், ஆனால் ஒரு பகுதியில் சொல்லை நீங்களே எழுத வேண்டும். அவர்களுக்கு எழுதிப் பார்க்கும் பயிற்சி இன்னும் அவசியம்.

கடைசி மூன்று வாரம் இயர்ஃபோனை எடுத்துவிட்டேன். எனக்குத் தேர்வு அறையில் ஒலிபெருக்கிதான், ஏர்கான் சத்தம், யாராவது இருமுவது, பென்சில் உரசுவது எல்லாம் கூடவே வரும். சனிக்கிழமை காலையில் வீட்டு ஹாலில் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஃபோனை அறையின் மறு கோடியில் அலமாரி மேல் வைத்து, 45 நிமிடம் நிறுத்தாமல் முழுத் தேர்வு. முதல் சனிக்கிழமை 70-வது கேள்விக்கு மேல் கவனம் கலைந்துவிட்டது, அம்மா சமையலறையில் தாளித்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. மூன்றாவது சனிக்கிழமை 100 வரை தாங்கியது.