மேற்கு மூலை

பிப்ரவரி 9, ராத்திரி

கரும்பு வெட்டும்போது கிடைத்த இரண்டு காட்டுப்பூனைக் குட்டிகளை, தாய் வந்து எடுத்துப்போகட்டும் என்று அதே இடத்தில் கூடையில் வைத்திருக்கிறோம். கூடை வைத்த இடத்திலேயே இருக்கிறது. தூரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டும் உள்ளேதான். தாய் வரவில்லை.

பிப்ரவரி 10, விடியல்

ஒன்றைக் காணோம்! கூடை சாயவில்லை, ரத்தம் இல்லை. தாய்தான் தூக்கிப்போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் வாயில் கவ்விப் போகும் என்று வனக்காவலர் சொன்னார். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்பு வெட்டும்போது கிடைக்கிற சிறுத்தைக் குட்டிகளையும் இப்படித்தான் எடுத்த இடத்திலேயே வைத்துத் தாயிடம் சேர்க்கிறார்களாம். மிச்சமிருப்பது கத்திக்கொண்டே இருக்கிறது. கிட்டே போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அதே நாள், மாலை

சிறுத்தைக் குட்டி என்று ஊரெல்லாம் பேச்சு. பைக்கில் வந்து வந்து பார்க்கிறார்கள். சிறுத்தைக் குட்டிக்கு உடம்பெல்லாம் நெருக்கமாகப் புள்ளி இருக்கும். இதற்கு மங்கலான கோடுகள். வளர வளர அதுவும் மறைந்து மணல் நிறமாகிவிடும், காலிலும் வாலிலும் மட்டும் கொஞ்சம் தங்கும். முதலில் வெட்டாள் கரும்புத் தோகையை விலக்கிக் காட்டியபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். கண்ணில் இன்னும் நீலம் போகவில்லை. காது நுனியில் இப்போதே கறுப்பு மயிர். உள்ளங்கை அளவு உடம்பு முழுவதும் குலுங்கச் சீறியது.

ஒருவர் பசும்பால் கொண்டுவந்தார். கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். குடித்தால் கழிச்சலிலேயே போய்விடும்.

பிப்ரவரி 11

கூடை காலி. அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 13

ஈரமண்ணில் கால்தடம் மேற்கு மூலைக்குத்தான் போகிறது. வெட்டாமல் நிற்கிற கரும்பு அது ஒன்றுதானே, வேறெங்கே போகும்?

பக்கத்து வயலில் எலி மருந்து வைத்திருக்கிறார்கள். நேற்று வரப்பில் செத்த எலி ஒன்று கிடந்தது, எடுத்துப் புதைத்தேன். கண்ணில் படாதது எத்தனையோ. மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். பாலூட்டுகிற தாய்க்கு அதைவிடச் சுலபமான இரை உண்டா? ராஜஸ்தானில் சரிஸ்காவில் ஆராய்ந்தவர்கள், ஒரு காட்டுப்பூனை நாளைக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று என்றே வைத்தாலும் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன்கிட்ட நான் பேசறேன்” என்றார்.

இன்னும் பேசவில்லை.

பிப்ரவரி 14

வீட்டுப்பூனை ஒன்று, கடுவன், மறுபடி வரப்பில். விரட்டினேன்.

பிப்ரவரி 17

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டே இருந்தேன். ஸ்காட்லாந்தில் காட்டுப்பூனை வீட்டுப்பூனையோடு கலந்து கலந்தே இல்லாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது. கூண்டில் பெருக்கி 2023-இல் கேர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் விடத் தொடங்கியிருக்கிறார்கள். கடுவனை நான் விரட்டுவது வீண்வேலை இல்லை. கலப்பு மட்டுமா, வீட்டுப்பூனையின் நோயும் தொற்றும்.

ஜப்பானில் இரியோமோத்தே என்ற ஒரே தீவில் மட்டும் ஒரு பூனை. மொத்தமே நூறு சொச்சம்தான். வண்டியில் அடிபடாமல் இருக்க ரோட்டுக்கு அடியில் வழி விட்டிருக்கிறார்கள். நம் காட்டுப்பூனை எகிப்திலிருந்து வியட்நாம் வரை பரவிக் கிடப்பதால் ‘கவலை இல்லாத’ பட்டியலில் இருக்கிறது. புலியை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நாடே எண்ணுகிறது. எண்ணட்டும், வேண்டியதுதான். ஆனால் வயலில் வாழ்கிற இதை அப்படி யார் எண்ணுகிறார்கள்? குறைந்தால் எப்படித் தெரியும்?

பிப்ரவரி 18

அப்பா பேசிவிட்டார். அறுவடை முடியும்வரை மருந்து வைக்கமாட்டார்களாம். சரி, அதுவரைக்குமாவது.

பிப்ரவரி 20

கரும்பு வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. நாளைக்கே லாரி. இதற்குமேல் நிறுத்தினால் கரும்பு எடை குறையும், அப்பாவைக் குறை சொல்ல முடியாது. கிழக்கிலிருந்து வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன், பின்பக்கம் ஓடைப் புதர் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போக வழி கிடைக்கும். “அப்படியே பண்ணிக்கலாமுங்க அம்மிணி” என்றார் மேஸ்திரி. தோகைக்குத் தீ வைக்கவே கூடாது, மண்ணை மூடி மூடாக்காகக் கிடக்கட்டும் என்றதற்கு மட்டும் பதில் வரவில்லை. காலையில் ஆள் இறங்குவதற்கு முன்னால் நான் வயலில் இருக்க வேண்டும். வனக்காவலருக்கும் போன் போட்டாயிற்று, எடுக்கவில்லை. திரும்பப் போடணும்.