மைனஸ் 40-ல் வண்டி எடுப்பது

யெல்லோநைஃபுக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ராத்திரி வானத்தில் ஆடும் அரோரா ஒளியைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன், பார்த்தேன், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டது, நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் கடுங்குளிரில் தன் ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலை, அதாவது பனி மேல் ஓட்டும் வண்டியை, ஸ்டார்ட் பண்ணிய விதம்தான்.

ஊரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகரம், சுமார் 20,000 பேர், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி அது, 614 மீட்டர். குளிர்காலத்தில் அதன் மேலேயே பாதை போட்டு எதிர்க்கரையில் இருக்கும் டெட்டா கிராமத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஜனவரியில் மைனஸ் 30 அங்கே சாதாரணம், அவ்வப்போது மைனஸ் 40-க்கும் இறங்கும் (அந்த ஒரு புள்ளியில் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றுதான், யாரும் எந்தக் கணக்கு என்று கேட்பதில்லை). நிறுத்தியிருக்கிற கார்களுக்கெல்லாம் முன்பக்கத்திலிருந்து ஒரு மின்சார வயர் தொங்கும், இன்ஜினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டருக்கான பிளக் அது.

பெரியவர் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டெனே இனத்தவர். சின்ன வயதிலிருந்தே ஏரியில் வலை போடுகிறவர், விறகுக்கும் மீனுக்கும் வண்டியில்தான் போய் வருகிறார். அவர் சொன்ன முதல் விஷயமே இதுதான்: காலையில் வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பது ராத்திரியே முடிவாகிவிடும். சாப்பாடு முடிந்ததும் வெளியே போய் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குள் சார்ஜரில் போட்டார். இன்ஜினின் சக்தியை வண்டியின் அடியில் சுற்றும் பட்டைக்கு (டிராக்) கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டையும் கழற்றி அடுப்புக்குத் தள்ளி ஒரு ஆணியில் மாட்டினார், ஏனென்றால் விறைத்துப்போன பெல்ட்டோடு வண்டியை நகர்த்தினால் அது வெடித்துக் கிழிந்துவிடுமாம்.

டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் குளிரில் என்ன வித்தியாசம் என்பது ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போய்விடுகிறது, கிராங்க் சுற்றுகிற இடத்தில் ஆயில் தேங்கி நிற்பதில்லை, அதனால் கயிற்றை இழுத்தால் சுற்றும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் லிட்டர் கணக்கில் ஆயில் உள்ளேயே இருக்கிறது, அது கெட்டியானால் இன்ஜினே அதற்குள் மாட்டிக்கொண்ட மாதிரிதான். போதாததற்குப் பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இழுக்கக் கயிறே கிடையாது, செல்ஃப் மட்டும்தான்.

ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணுக்கு அங்கே உயிர் மதிப்பு. நம் ஊர் பைக்குகளில் ஊற்றுகிற 20டபிள்யூ-40 ஆயிலை, குளிரில் இன்ஜின் சுற்ற விடுமா என்று மைனஸ் 15-ல்தான் சோதிக்கிறார்கள், அதற்குக் கீழே அது எதற்கும் உத்தரவாதம் இல்லை. 0டபிள்யூ என்று போட்ட சிந்தெடிக் ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 35-ல். பெரியவர் வைத்திருந்தது 0டபிள்யூ-40. அதுவும்கூட மைனஸ் 40-ல் தனியாகத் தாக்குப்பிடிக்காது என்பதைக் கண்ணால் பார்த்தேன். விடிவதற்கு முன் (அங்கே ஜனவரியில் சூரியன் வரவே பத்து மணி ஆகும்) அளவுக்கம்பியை உருவிக் காட்டினார், நுனியில் ஆயில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது, தலைகீழாகப் பிடித்தும் சொட்டவில்லை. அப்புறம் ஆயில் தொட்டியில் ஒட்டியிருந்த ஹீட்டருக்கு கரண்ட் கொடுத்து, வண்டி மேல் பழைய கம்பளியும் தார்ப்பாயும் தரையைத் தொடும்படி போர்த்திவிட்டு உள்ளே வந்துவிட்டோம். டீ, ரொட்டி, அவருடைய பேரன்களைப் பற்றிய பேச்சு என்று சில மணி நேரம். திரும்பிப் போய் அதே கம்பியை உருவியபோது ஒரு துளி நுனியில் திரண்டு பனியில் சொட்டியது. "இப்போது பேட்டரி கொண்டுவா" என்றார்.

பேட்டரி விஷயம் எனக்குப் புதிது. குளிரில் அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது, அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாருக்குத் தேவைப்படும் பலமோ கூடிவிடுகிறது. முழு சார்ஜில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 வரைக்கும் உறையாது, ஆனால் சார்ஜ் தீர்ந்த பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து, சில சமயம் உடம்பு வெடித்துவிடும். அப்படி உறைந்ததைச் சார்ஜ் போடவே கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

பெல்ட்டையும் பேட்டரியையும் மாட்டி முடித்தபோது என் விரல்கள் மரத்துவிட்டன. அவர் மட்டும் அவசரப்படவே இல்லை, பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியைக்கூட மெதுவாகத்தான் திறந்தார், அந்தக் குளிரில் தட்டினால் அப்பளமாக நொறுங்குமாம். சாவியைத் திருப்பினார். பெட்ரோல் பம்ப் ஓடி அடங்கும் மெல்லிய சத்தம் கேட்டு முடியும்வரை காத்திருந்தார். ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டருக்குத் தெரியும், நாம் கையை வைத்தால்தான் கெடும். செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது, விட்டார், செல்ஃப் மோட்டார் ஆற கொஞ்சம் நேரம் கொடுத்தார், மறுபடி சுற்றினார், பிடித்துக்கொண்டது. புகை மாதிரி வெள்ளை ஆவி முற்றம் முழுக்க.

பிடித்துக்கொண்டது என்று ஏறி உட்கார்ந்துவிட முடியாது. ராத்திரி வண்டியைப் பனி மேல் அப்படியே விட்டால் அடியில் இருக்கும் டிராக் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பலகை மேல் நிறுத்தியிருந்தார். காட்டில் பலகை இல்லாத இடத்தில் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை வெட்டிப் போட்டு நிறுத்துவார்களாம். பின்பக்கத்தை இரண்டு பேரும் தூக்கிப் போட்டோம், முன் பனிச்சறுக்கிகளை இடமும் வலமும் ஆட்டிவிட்டோம், அப்புறம்தான் நகர்ந்தது.

கரண்ட் இல்லாத முகாமில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேஸ் பர்னரை ஒரு புகைக்குழாய் வழியாகத் தார்ப்பாய்க்குள் விட்டுச் சூடு ஏற்றுவார்களாம், பெட்ரோல் ஒழுகல் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பக்கத்தைவிட்டு நகராமல். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: புரொபேன் கொதிப்பதே மைனஸ் 42-ல்தான். அந்தக் குளிரில் வெளியே கிடந்த சிலிண்டரைத் திறந்தால் கேஸ் வருவதே அரிது, அதனால் சிலிண்டரும் ராத்திரி ஆட்களோடு கூடாரத்துக்குள்தான்.

ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிஷம் ஓட்டி அணைப்பதை அவர் கடுமையாகத் திட்டினார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. இன்ஜின் முழுசாகச் சூடாகாவிட்டால் எரிந்ததில் வரும் நீராவி உள்ளேயே தங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் மோர் நிறத்துக்கு மாறும், ஆவி வெளியேறும் மூச்சுக்குழாய் உறைந்து அடைத்தால் உள்ளழுத்தம் ஆயிலையே வெளியே தள்ளிவிடும். எடுத்தால் நன்றாக ஓட்டு, இல்லையென்றால் எடுக்காதே.

அன்று ஏரியில் வெகுதூரம் போனோம். சத்தம் குறைவு, புகை நாற்றம் கிடையாது, பெட்ரோலும் மிச்சம், பின்னால் மீன் ஏற்றிய சறுக்குவண்டியைச் சிரமமில்லாமல் இழுக்கிறது. பிளக் போட வீடும், நாள் முழுக்க ஓட்டும் வேலையும் இருப்பவர்களுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்பேன். ஆனால் பெரியவரின் தம்பி வாரக்கணக்கில் காட்டில் பொறி வைக்கப் போகிறவர், அவர் இன்றும் கயிறு இழுக்கிற பழைய டூ ஸ்ட்ரோக்கை விடுவதாக இல்லை. மின்சாரமே எட்டாத இடத்தில் தனியாக இருக்கிறவருக்கு அதைவிட நல்ல வண்டியை என்னாலும் சொல்ல முடியவில்லை.