த/பெ என்ற இடத்தில் என் பெயர்

கிராம சபை தீர்மானப் பதிவேட்டில், பேசியவரின் பெயரை அடுத்து 'த/பெ' என்று போட்டு அப்பா பெயரையும் எழுதுவது என் பழக்கம். எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அப்பா பெயர் இருந்தால்தான் பின்னால் எடுத்துப் பார்க்கும்போது ஆள் யாரென்று பிடிபடும். 2022 அக்டோபர் 2 அன்று அந்த இடத்தில் என் பெயரையே எழுத வேண்டி வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊராட்சி செயலர். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு வடமேற்கே, பாக் விரிகுடாப் பக்கம் உள்ள ஒரு கடலோர ஊராட்சி. 1994 ஊராட்சிகள் சட்டம் வந்து, அதன்படி 1996இல் முதல் தேர்தல் முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எழுத்தர் வேலை மாதிரிதான். வீட்டு வரி ரசீது, ரொக்கப் புத்தகம், தெருவிளக்கு, குடிநீர், 2008க்கு அப்புறம் நூறு நாள் வேலைக் கணக்கு என்று சுமை கூடிக்கொண்டே வந்தது. பெரிய படிப்பு இல்லாத எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு எங்கள் வீட்டுப் பெயரும் ஒரு காரணம். அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் வீடு 'அம்பலம் வீடு'. தாத்தா ஊர் அம்பலமாக, அதாவது ஊர்த் தலைவராக இருந்தவர். அண்ணன் தம்பி பாகத் தகராறு, கோயில் வரி, வலை அறுந்த வழக்கு, எதுவானாலும் எங்கள் திண்ணையில்தான் பேசி முடிப்பார்கள். மேல்நிலைத் தொட்டி கட்ட இடம் தேடியபோது இடம் கொடுத்ததும் எங்கள் குடும்பம்தான். அதனால் தொட்டி எங்கள் மேலத் தெருவிலேயே நிற்கிறது. தாத்தா பெயரை அதில் எழுத வேண்டும் என்று அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொட்டித் தண்ணீர்தான் விஷயமே.

எங்கள் கரையில் எங்கே தோண்டினாலும் உவர்ப்புதான். மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பின காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. திருச்சிப் பக்கம் எடுக்கிற தண்ணீர் குழாயிலேயே இத்தனை தூரம் வந்து, ஊர்த் தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டார் போட்டால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து எந்தத் தெரு வால்வை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பது டேங்க் ஆபரேட்டர் கையில். அவர் கேட்பது என்னிடம். வருகிற தண்ணீர் ஒரு நாளும் போதாது. முதலில் திறக்கும் தெரு நிறையும், கடைக்கோடித் தெருவுக்குக் குழாய் இருமும். கடற்கரைத் தெரு கடைக்கோடி.

அன்றைக்குக் கிராம சபையில் வரவு செலவை வாசித்து முடித்தேன். வழக்கமாக அப்புறம் இரண்டு பேர் தெருவிளக்கு கேட்பார்கள், ஒருவர் வீடு கேட்பார், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். பெண்கள் பகுதியில் என் மகள் எழுந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம். கையில் நாற்பது பக்க நோட்டு.

"செயலர் சார்," என்றாள். இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு அப்படி ஒரு பெயர் வந்ததில்லை. "என்கிட்ட நாற்பது நாள் கணக்கு இருக்கு. மேலத் தெருவுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வந்திருக்கு. கடற்கரைத் தெருவுக்கு மொத்தமே ஏழு தடவை. அதுலயும் அஞ்சு தடவை காலையில ஆறு மணிக்கு. அது வல்லம் கரைக்கு வர்ற நேரம். பொம்பளைங்க எல்லாம் மீன் எடுக்கப் போயிருப்பாங்க. பூட்டின வீட்டு வாசல்ல தண்ணி வந்துட்டுப் போயிடுது. அப்புறம் அவங்க லாரித் தண்ணியைக் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குறாங்க. இது உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அந்தக் காலை நேரம்தான் எங்கள் தெருவுக்குத் தோது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் குடம் நிரப்பிவிடலாம். எங்கள் தெரு முடிந்து மிச்சம் இருந்தால் அதே கையோடு கடற்கரைத் தெரு வால்வைத் திறப்பது பல வருஷமாக நடக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் யாரும் மாற்றவும் இல்லை.

"பரிசீலிக்கப்படும்," என்றேன். இருபத்தாறு வருஷ நாக்குப் பழக்கம்.

"யாரு பரிசீலிப்பாங்க சார்? எப்போ?"

கடற்கரைத் தெருப் பெண்கள் அதுவரை முக்காட்டை இழுத்து விட்டு உட்கார்ந்திருந்தவர்கள், ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு அக்கா, "ஆமா தம்பி, சொல்லு," என்றார். அப்போதுதான் எனக்கு உள்ளே என்னமோ அசைந்தது. காரணம் அந்த அக்கா மட்டும் இல்லை. அதே தொனியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்ட இன்னொரு பெண்மணி நினைவுக்கு வந்தார்.

1996 தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அப்போது மூன்றில் ஒரு பங்கு, சட்டத்தைத் திருத்திப் பாதியாக்கியது 2016இல். தலைவரம்மா ஜெயித்தார், நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். நான் தீர்மானப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அடுப்படி நிலையில் நின்று கையெழுத்து வாங்கி வருவேன். ஒரு நாள் மீன் கழுவின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?" நான் சொன்னேன்: "வழக்கமானதுதான்க்கா." அவர் போட்டுக் கொடுத்தார். அது எந்தத் தீர்மானம் என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை. அவருக்கு வாசித்துக் காட்ட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஐந்து வருஷம் ஒரு ஊரின் தலைவராக இருந்தவருக்கு அந்த இரண்டு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

சபை கலைந்ததும் பதிவேட்டில் கேள்வியை முழுசாக எழுதினேன். நாற்பது நாள், ஏழு தடவை, ஆறு மணி, எல்லாம். சுருக்கி 'குடிநீர் குறித்துப் பேசப்பட்டது' என்று முடித்திருக்கலாம். முன்பு அப்படித்தான் முடித்திருக்கிறேன்.

வீட்டில் மச்சான் காத்திருந்தார். "பெத்த அப்பனைச் சபையில நிக்க வச்சுட்டா. அம்பலம் வீட்டு மானம் போச்சு. நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?" என் மனைவி அழுதுகொண்டிருந்தார். மகள் தலை குனிந்து நின்றாள். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்போது கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த என் அம்மா, அவளுடைய அப்பத்தா, எழுந்து உட்கார்ந்தார். ஊற்றுத் தண்ணீருக்கு நடுராத்திரியில் போய் வரிசையில் குடம் வைத்தவர். "தண்ணியைத்தானே கேட்டா? சொத்தையா கேட்டா?" என்றார். அவ்வளவுதான். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு வால்வு சாவியோடு தெருத்தெருவாக நடந்தேன். மேலத் தெருவில் பதினான்கு வீட்டில் குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். கடைக்கோடிக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? அந்தப் பதினான்கில் ஒன்று எங்கள் வீடு. கொல்லைப்புறம், ஒரு சாக்குப் போட்டு மூடியது. நான்தான் வாங்கி வைத்தேன். மகளுக்கு அது தெரியும். தினம் அவள்தான் சுவிட்சைப் போடுவாள். சபையில் அதை அவள் சொல்லவே இல்லை. எனக்கென்று விட்டு வைத்திருந்தாள்.

ஸ்பேனர் எடுத்து அதை முதலில் கழற்றினேன். தெருவே பார்க்கட்டும் என்று வாசலில் கொண்டுவந்து வைத்தேன். மற்ற பதின்மூன்றையும் கழற்ற ஒன்றரை மாதம் ஆயிற்று. இரண்டு வீட்டார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கடற்கரைத் தெருவுக்கு இப்போது முதல் வால்வு, மாலை மூன்று மணிக்கு. மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது. மெயின் குழாய் எங்காவது உடைந்தால் எல்லாத் தெருவும்தான் காய்கிறது.

அந்த நாற்பது நாள் கணக்கை எப்படி எடுத்தாள் என்று பிறகு விசாரித்தேன். அவளோடு பள்ளியில் படித்த பெண்கள் ஆறு பேர், அதில் நாலு பேர் கடற்கரைத் தெரு. வாட்ஸாப்பில் ஒரு குழு. குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு படம், நின்றதும் ஒரு படம். இரவு எல்லாவற்றையும் இவள் நோட்டில் ஏற்றுவாள். 'எந்நேரமும் போனு' என்று நான் கத்திய இரவுகளில் அவள் செய்துகொண்டிருந்தது என் வேலையை. நான் எழுதியிருக்க வேண்டிய பதிவேடு அது.

இந்தக் கரையில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் அப்துல் கலாம்தான் அளவுகோல். நானும் விதிவிலக்கில்லை. 2015 ஜூலை 30 அன்று ராமேஸ்வரம் பக்கம் பேய்க்கரும்பில் அவரை அடக்கம் செய்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவளுக்குப் பதிமூன்று வயது. கூட்டத்தில் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. "அவங்க அப்பா என்னப்பா வேலை பார்த்தார்?" என்று கேட்டாள். படகு வைத்திருந்தார், பள்ளிவாசலில் இமாமாக இருந்தார் என்றேன். அன்றைக்கு என் மனசில் ஓடியது ஒன்றுதான்: இவளும் இந்த ஊரை விட்டுப் போய்ப் பெரிய ஆளாக வேண்டும், அப்போது என் பெயரையும் யாராவது கேட்பார்கள். பெருமை என்றால் அது வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றே நினைத்திருந்தேன். ஊரிலேயே இருந்துகொண்டு, ஊர்க் குழாயைப் பற்றிக் கேட்கிற பிள்ளையால் பெருமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அம்பலம் என்ற சொல்லுக்கே பொது இடம் என்றுதான் பொருள். அதை நாங்கள் மூன்று தலைமுறையாக வீட்டு வாசல் பெயராக வைத்துக்கொண்டிருந்தோம்.

உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பதில் அரசு நியமிக்கிற தனி அலுவலர். 2016 கடைசியிலிருந்து மூன்று வருஷம் இப்படித்தான் இருந்தது. அது நல்லதில்லை என்பதை உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். வார்டு உறுப்பினர் இருந்தால் தெருக்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். இல்லாவிட்டால் மனு என் மேசைக்கு வரும், என் மேசையில் கிடக்கும்.

மகளுக்கு இப்போது 23 வயது. அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கப் போகிறாள். மனைவி சம்மதித்துவிட்டார், மச்சான் இன்னும் இல்லை. அவள் ஜெயித்தால் அவள் கேட்கிற கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருக்கக்கூடாது. அப்பனும் மகளும் கணக்கை ஒத்துக்கொண்டார்கள் என்று ஒருவர்கூடச் சொல்லக்கூடாது. அதனால் தேர்தல் அறிவிப்பு வந்ததும் கொடுப்பதற்கு இடமாறுதல் மனு ஒன்று எழுதினேன். 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று ஆரம்பித்திருந்தேன். அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"சொந்தக் காரணம்னு ஏம்ப்பா எழுதுறீங்க?" என்றாள்.

வேறு தாள் எடுத்தேன். 'என் மகள் இவ்வூராட்சியின் வார்டு உறுப்பினர் தேர்தலில் போட்டியிட இருப்பதால்' என்று எழுதினேன்.