400 மீட்டருக்கான ரைஃபிள்: குமிழ்ச் சோதனையில் தேறிய ஸ்கோப்

ரைஃபிளின் மேல் பொருத்தும் குறிநோக்கியான ஸ்கோப் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். குண்டு விழும் உயரத்தை மாற்றும் அதன் உயரக் குமிழை 10 மில் (ஒரு மில் என்பது தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலே திருகிச் சுட்டு, மீண்டும் ஸீரோவுக்கு, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும் தொடக்க நிலைக்கு, இறக்கிச் சுட்டபோது, குண்டுகள் முதலில் விழுந்த துளைகளிலேயே வந்து விழுந்தன. பல மாதங்களாக நான் எதிர்பார்த்திருந்த முடிவு இதுதான் என்பதால், தாளை மடித்துப் பத்திரப்படுத்திவிட்டேன்.

இந்த ரைஃபிள் நியூசிலாந்தின் தென் தீவில், ரங்கிடாட்டா ஆற்றின் மேற்பகுதி மலைகளில் இமயமலை வரையாட்டை வேட்டையாடுவதற்கானது. நம் நீலகிரி வரையாடு சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. அங்கோ 1904-இல் கொண்டுவந்து விடப்பட்ட இமயமலை வரையாடு உயர்மலைத் தாவரங்களை மேய்ந்து அழிப்பதால், அதன் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று 1993-ஆம் ஆண்டுத் திட்டம் வரையறுத்திருக்கிறது. பாறைச் சரிவின் மறுபக்கம் நிற்கும் கிடாவை நெருங்க வழியில்லாத இடங்கள் அங்கு ஏராளம். ஆகவே 400 மீட்டரை என் உச்ச எல்லையாக வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன்.

ரைஃபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிக்கா டி3எக்ஸ் லைட், 6.5 க்ரீட்மோர் வகைத் தோட்டா, குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழல். அதைவிட வலுவான 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் தோட்டாதான் வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள்; ஆனால் மூன்று கிலோவுக்கும் குறைந்த ரைஃபிளில் அதன் உதைப்பு, விசையை நிதானமாக அழுத்தும் பழக்கத்தையே கெடுத்துவிடும். 143 கிரெய்ன் (சுமார் 9.3 கிராம்) எடையுள்ள குண்டு விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்பட்டால், 400 மீட்டரில் சுமார் 1,900 ஜூல் ஆற்றல் மிஞ்சுகிறது. வரையாட்டுக்கு அது போதும்.

என் நேரத்தையும் பொறுமையையும் தின்றது ஸ்கோப்தான். முன்பு வைத்திருந்த ஸ்கோப்பில், குமிழை ஏற்றி இறக்கிய பிறகு ஸீரோ 0.3 மில் வரை நகர்ந்திருக்கும். அதுவும் ஒருமுறை மேலே, மறுமுறை பக்கவாட்டில். 100 மீட்டரில் அது வெறும் 3 செ.மீ. என்றாலும், 400 மீட்டரில் 12 செ.மீ. ஆகிவிடுகிறது, வரையாட்டின் உயிர்நிலைப் பகுதியின் நடுவில் குறிவைத்தாலும் குண்டு அதன் விளிம்பைத் தாண்டிவிடும். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் வளையங்களை மாற்றினேன், திருகுகளை முறுக்குவிசை அளவியால் 2 நியூட்டன் மீட்டருக்கு மிகாமல் இறுக்கினேன், வேறொரு ரைஃபிளில் பொருத்தியும் பார்த்தேன். பிழை ஸ்கோப்போடு கூடவே போனது. பழுதுபார்க்கும் நிலையமோ, குறை ஏதும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியது. விளக்கைப் பிடித்துக் கண்ணாடியைப் பார்த்தவர்கள் குமிழைத் திருகிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றே இன்றும் நம்புகிறேன்.

ஆகவே இம்முறை வாங்கிய நைட்ஃபோர்ஸ் என்எக்ஸ்8 2.5-20x50-ஐ, தோட்டா எதையும் செலவிடுவதற்கு முன்பே சோதித்தேன். கனமான எஃகுத் தாங்கியில் ஸ்கோப்பை அசையாமல் பூட்டி, நாடாவால் அளந்த 100 மீட்டர் தொலைவில் செங்குத்தாக ஓர் அளவுகோலை நிறுத்தினேன். நாடாவால் அளப்பது முக்கியம்: தொலைவுமானி ஒரு மீட்டர் பிசகினாலே சோதனையில் ஒரு சதவீதப் பிழை புகுந்துவிடும். 10 மில் திருகினால் குறுக்குக்கோடு சரியாக 100 செ.மீ. நகர வேண்டும். சுடாமல் பார்ப்பதால் குண்டுகளின் சிதறலும் சுடுபவரின் நடுக்கமும் கணக்கில் கலப்பதில்லை. நகர்வின் அளவில் ஓரிரு சதவீதம் குறைந்தாலும் 400 மீட்டருக்குள் அது பெரிய குற்றமில்லை, ஏனெனில் அங்கு தேவைப்படும் திருத்தமே சுமார் 2.5 மில்தான், திரும்பி வரும் ஸீரோ தவறினால்தான் விலங்கு காயத்தோடு ஓடும். வேட்டைக்காரர்கள் உருப்பெருக்கத்தைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பிறகு சுட்டுப் பார்க்கும்போது, தாளில் தூக்குக்குண்டு நூலின் நிழலையொட்டி ஒரு நேர்கோடு வரைந்து, கீழ்ப்புள்ளியையே குறிவைத்துக் குமிழை மட்டும் ஏற்றினேன். துளைகள் கோட்டைவிட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது என்று பொருள். மூன்று பாகை சாய்வு 400 மீட்டரில் சுமார் 5 செ.மீ. பக்கவாட்டுப் பிழையைக் கொடுக்கும். அதனால் ஸ்கோப்பின் மேல் ஒரு சிறிய நீர்மட்டத்தையும் நிரந்தரமாகப் பொருத்திவிட்டேன்.

தோட்டாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பெயருள்ள பெட்டிகளாக இருந்தாலும், தயாரிப்புத் தொகுதி எண் மாறினால் வேகமும் மாறக்கூடும். நான் வாங்கும் கடைக்காரர் ஒரே தொகுதியில் பத்துப் பெட்டிகளை ஒதுக்கிவைக்கச் சம்மதித்திருக்கிறார். அவை வந்ததும் வேகமானியில் அளந்து, ஒலியடக்கியோடு ஸீரோவை மறுபடியும் உறுதிசெய்ய வேண்டும்.

காற்றுதான் இன்னும் மிச்சமிருக்கும் பாடம். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று இந்தக் குண்டை 400 மீட்டரில் கால் மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் காற்று ஒரே திசையில் வீசுவதுமில்லை. மே மாதத்தில் கிடாக்களின் இணைசேர் காலம் தொடங்குவதற்குள் காற்றுள்ள நாட்களாகப் பார்த்துப் பயிற்சி செய்யவிருக்கிறேன். அந்தப் பயிற்சி கைவரும்வரை 300 மீட்டருக்கு அப்பால் எந்த விலங்கையும் நோக்கிச் சுடப்போவதில்லை.