குடியரசு தினத்துக்கு உத்திரமேரூர்: படித்துவிட்டுப் போன பயணம்

தொலைக்காட்சியில் டெல்லி அணிவகுப்பு, அப்புறம் பட்டிமன்றம், மத்தியானம் ஒரு தூக்கம். ஜனவரி 26 இப்படிக் கழிவது பிடிக்காமல் நாங்கள் சிலர் வேறு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். விடுமுறைக்கு முன் சில வாரங்கள் ஒரே விஷயத்தைப் படிப்பது, அன்றைக்கு விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அது நடந்த இடத்துக்கே போவது. விதி ஒன்றுதான்: படிக்காதவருக்கு வண்டியில் இடம் கிடையாது. கேட்கக் கண்டிப்பாக இருக்கும், ஆனால் இந்த விதி இல்லாத காலத்தில் எங்கள் பயணங்கள் பாதி செல்ஃபி, பாதி சாப்பாடு என்று முடிந்தன.

ஆகஸ்ட் 15-க்கு வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டு வந்தோம். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சியைப் படித்துவிட்டுப் போனதால், அகழியையும் மதிலையும் பார்க்கும்போதே யார் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று வாய்ச்சண்டை போட முடிந்தது. சென்னையை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய கொடியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு, சுதந்திர தினத்தில் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றும் வழக்கம் 1974-இல்தான் வந்தது, அதுவரை ஆளுநர்தான் ஏற்றினார் என்பதையும் சேர்த்துப் படித்தால் ஒரு நாள் நன்றாகவே கழியும்.

இந்தக் குடியரசு தினத்துக்கு அரசியல் நிர்ணய சபை விவாதங்களை எடுத்துக்கொண்டோம். முழுவதையும் அல்ல, அது கடல். 1948 நவம்பரில் கிராமப் பஞ்சாயத்து பற்றி நடந்த பேச்சுகள் மட்டும். நவம்பர் 4 அன்று அம்பேத்கர் வரைவை முன்வைத்துப் பேசும்போது, கிராமத்தை அறியாமையின், குறுகிய மனத்தின் கூடாரம் என்ற அளவுக்குச் சாடியிருக்கிறார். வரைவில் பஞ்சாயத்துக்கே இடமில்லை. அடுத்த நாட்களில் உறுப்பினர் பலர் கொதிக்கிறார்கள். நவம்பர் 22 அன்று சென்னை மாகாணத்திலிருந்து போன கே. சந்தானம் பஞ்சாயத்துகளைச் சேர்க்கச் சொல்லி ஒரு திருத்தம் கொண்டுவர, அம்பேத்கரும் ஏற்றுக்கொள்கிறார். இன்றைக்கு அரசியல் சட்டத்தில் இருக்கும் 40-ஆவது பிரிவு அதுதான்.

அந்த விவாதத்தில் சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் (அன்று முதலமைச்சருக்கு அந்தப் பெயர்தான்) டி. பிரகாசம் பேசியிருக்கிறார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் என்று ஓர் ஊர், அங்கே கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தேர்தல் முறை எழுதியிருக்கிறது என்று சபையில் சொல்கிறார். டெல்லியில் பேசியதைப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் திடீரென்று செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் எதிரே வந்து நின்றது. இடம் தேட வேண்டிய வேலை மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருமே இந்தக் குடவோலை முறையைப் படித்தவர்கள்தான். இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆனால் கல்வெட்டின் வாசகத்தை முழுதாக ஒருவரும் படித்ததில்லை. எங்களோடு வரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டு மொட்டை மாடியில் உரக்கப் படித்தோம். வேகமாகப் படித்தால், “தம்பி, ரயில் போயிடாது, நிறுத்திப் படி” என்பார்.

மொத்தம் இரண்டு கல்வெட்டுகள். ‘மதிரை கொண்ட’, அதாவது மதுரையை வென்ற, என்ற பட்டத்தோடு வரும் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டியவை. முதலாவதில் வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. போட்ட சட்டத்தை இரண்டே வருஷத்தில் திருத்தியிருக்கிறார்கள். குழுவின் கல்லூரி மாணவி இந்த இடத்தில், நம் அரசியல் சட்டமும் 1950 ஜனவரி 26-இல் வந்து 1951-லேயே முதல் திருத்தம் கண்டதே என்றாள். அதிலும் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் போட்ட வழக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. அன்று சாயங்காலம் கல்வெட்டு அங்கேயே நின்றுவிட்டது, பேச்சு முழுக்க அந்தத் திருத்தம் கொண்டுவந்த, இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட 15(4) பிரிவு பக்கம் போய்விட்டது.

சரி, வாசகத்துக்கு வருகிறேன். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது, நம் வார்டு மாதிரி. கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் மறுபடி வர முடியாது. அப்புறம் தள்ளுபடிப் பட்டியல் தொடங்குகிறது, அதுதான் சுவாரசியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் வரக் கூடாது. அவரோடு அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவுக்கூட்டமே வரக் கூடாது! கழுதை ஏறினவர், கூடலேகை செய்தவர், அதாவது பொய்ப் பத்திரம் எழுதியவர், இவர்களும் கூடாது.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் பகுதி என் பங்குக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் கட்டிக் குடத்தில் போட வேண்டும். ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், எல்லோரும் சபை நடுவே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து, நடுவராக இருக்கும் மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரல் சங்கதியைப் படித்ததும் மாடியில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்த யாரோ ஒருவர் அகப்பட்டிருக்காவிட்டால் இப்படி எழுதியிருப்பார்களா?

26-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து இருட்டோடு கிளம்பினோம். நீண்ட விடுமுறை என்றால் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டும்வரை நிம்மதி கிடையாது, ஏழு மணிக்குள் தாண்டிவிட வேண்டும். புக்கத்துறை கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பிவிட்டால் பிறகு வயலும் ஏரியும்தான். வழியில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், ஆரஞ்சு மிட்டாய்க்காக.

கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மூன்று அடுக்குச் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் இதே ஊரில் வேறு இடம், குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரியவர், “எலக்‌ஷன் கல்வெட்டா? இப்படி வாங்க” என்று நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். எத்தனை பேரைக் கொண்டுபோய் விட்டிருப்பாரோ!

படிப்பதில் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு: க, ட, ப, த, ர ஆகியவை சுவரில் தெரிகின்றன, மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாதது பழகிவிட்டது, வடசொல் வரும் இடத்தில் நுழையும் கிரந்தம் இன்னும் கம்பி நீட்டுகிறது. கையில் அச்செடுத்த தாள் இருந்ததால்தான் வரியைப் பிடிக்க முடிந்தது. ‘குடும்பு’ அகப்பட்டது, ‘பிராயத்தின்’ அகப்பட்டது, அதை வைத்து முன்னும் பின்னும் தடவிக்கொண்டு போனோம். நேர் வெளிச்சத்தில் எழுத்து மங்கிவிடும். கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். சுண்ணாம்போ மாவோ தேய்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். கல் கெடும்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு சண்டை. வண்டி ஓட்டிய நண்பருக்கு இது உலகின் முதல் ஜனநாயகம் என்று பெருமை. எனக்கு ஒப்புதல் இல்லை. உத்திரமேரூர் அன்று ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர், நிலமும் வேதமும் இருந்த ஆண்களுக்கு மட்டும் வாரியம், அதுவும் சோழ அரசனின் அதிகாரி வந்து உடனிருக்கச் செய்த ஏற்பாடு. உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. 1951-52 தேர்தலில் 21 வயதான எல்லோருக்கும், சொத்து படிப்பு எதுவும் கேட்காமல் ஓட்டுக் கொடுத்த 326-ஆவது பிரிவை இதோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் மெச்சுவது வேறொன்றை: கணக்குக் காட்டாதவரின் மாமனாரைக்கூட விடாத அந்தக் கறாரை. அம்மா இரண்டு பேரையும் பார்த்து, “நீங்க ரெண்டு பேருமே தள்ளுபடிதான், வயசு பத்தாது” என்று முடித்துவைத்தார்.

திரும்பும்போது வேடந்தாங்கல் பக்கம் போனோம், ஜனவரி பறவைகளுக்கு நல்ல மாதம். ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது வழியில் ஒரு கிராமத்தின் சாமியானா. குடியரசு தினத்தன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும் என்பது தெரிந்ததுதான். நேரில் பார்த்ததில்லை. பிளக்ஸில் வரவு செலவு அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். ஊராட்சிச் செயலர் வாசித்துக்கொண்டே போக, முன்வரிசையில் இருந்த பெண் ஒருவர் எழுந்து, “தெரு விளக்குக்குச் செலவுன்னு எழுதியிருக்கீங்களே, எங்க தெருவுல எது எரியுது?” என்றார். செயலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கை தாளை வாங்கி, இன்னொருவர் அதே வரியைச் சத்தமாகத் திரும்ப வாசித்தார். எங்கள் கல்லூரி மாணவி என் முழங்கையை இடித்தாள்.

அடுத்து ஆகஸ்ட் 15-க்கு வேதாரண்யம் என்று பேச்சு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து போன உப்புச் சத்தியாகிரக வழி. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக அவர்கள் தங்கிய ஊர்களைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது ஆசை. ஒரு நாளில் முடியாது, இரண்டு நாள் வேண்டும். படிக்க வேண்டியதை அம்மா இப்போதே பிரிக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி ஓட்டும் நண்பர் மட்டும், திருச்சிவரை ரயிலில் போய் அங்கே வண்டி எடுத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.