கேள்வியில் சொன்ன தொகை பதிலில் ஏன் காணாமல் போகிறது?

ஒரு பொருளை வாங்கும் முன் இணையத்தில் ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கேள்வியை மிகுந்த கவனத்தோடுதான் எழுதுகிறார்கள். எதற்காக வேண்டும், எத்தனை காலம் உழைக்க வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். வருகிற பதில்களில் முதல் இரண்டுக்கும் மதிப்பு கிடைக்கிறது. மூன்றாவது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டால் இதைவிட நல்லதாகவே வாங்கிவிடலாமே" என்று ஒருவர் தொடங்கி வைக்கிறார். அதற்கு அடுத்தவர் அதைவிடச் சற்று மேலான ஒன்றைச் சொல்ல, நான்கைந்து பதில்கள் கடப்பதற்குள் பேச்சு, கேட்டவர் சொன்ன தொகையைப் போல் இரண்டு மடங்கில் போய் நிற்கிறது.

ஒருவர் சொல்லும் தொகை பேரத்தின் முதல் விலை அல்ல. வாடகை, கல்விக் கட்டணம், மருந்துச் செலவு, கடன் தவணை என்று ஒவ்வொன்றாகக் கழித்து, அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கி, வீட்டிலுள்ளவர்களோடு கலந்து பேசிய பிறகு மிஞ்சியதுதான் அது. அந்தக் கணக்கு முழுவதையும் அறிமுகமில்லாதவர்கள் முன்னால் விரித்து வைக்க எவருக்கும் மனம் வராது. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தவருக்கு, அந்த அளவைவிடப் பெரிய சட்டையைத் தைத்துக் கொடுத்து, துணி உயர்ந்த ரகம் என்று சொல்வதில் என்ன பயன்?

என் அக்கா மகள் படிப்புக்காக ஒரு மடிக்கணினி வாங்க விரும்பி இப்படித்தான் கேட்டாள். குறிப்பெழுதுவது, கட்டுரைகளைத் தட்டச்சு செய்வது, காணொளி வகுப்புகளைப் பார்ப்பது, இவ்வளவுதான் அவள் தேவை. வந்த பதில்களில் கணினி விளையாட்டுகளுக்கு உதவும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது, மெல்லிய உலோக உடல் கொண்ட புது மாடல்கள் இருந்தன, படிப்புக்குச் செலவு செய்யக் கணக்குப் பார்க்கலாமா என்ற கேள்வியும் இருந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டு, "நான் அந்தத் தொகையை எழுதியிருக்கவே கூடாதோ, சித்தி?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பணம் குறைவாக இருப்பதை வெளியே சொன்னதே பிழை என்று ஒரு பெண்ணை நினைக்க வைப்பது ஆலோசனையே அல்ல.

அவள் சொன்ன தொகைக்குள் பயனுள்ள பதில் இல்லாமல் இல்லை. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் மடிக்கணினிகள் பழுது பார்க்கப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. அலுவலகப் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்பட்டவற்றில் விசைப்பலகையும் கீல்களும் பொதுவாக உறுதியாக இருக்கும். உதிரி பாகங்களும் எளிதில் கிடைக்கும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அதை எடுத்துவிட்டு சாட்டா வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டாலே, நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் என்றிருந்த வாசிப்பு வேகம் 500ஐ ஒட்டி வந்துவிடும். கணினி திறந்துகொள்வதற்கே காத்திருக்கும் நிலை மாறும். ரேம் என்ற தற்காலிக நினைவகம் 8 ஜிபி இருக்கிறதா, இல்லையென்றால் கூட்டிக்கொள்ள இடம் உண்டா, அல்லது மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா என்று பார்க்கச் சொல்லலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செயலி (புராசஸர்) இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆகவே அதற்கும் முந்தையது மலிவாகக் கிடைத்தாலும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிப் பழகிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும் என்று எச்சரிக்கலாம். இவற்றைச் சொல்லத்தான் உண்மையான அனுபவம் தேவைப்படுகிறது. விலை உயர்ந்த ஒன்றின் பெயரைச் சொல்ல எந்த அனுபவமும் தேவையில்லை.

பதில் சொல்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை; பலர் தங்களுக்குப் பிடித்ததை ஆசையோடு சொல்கிறார்கள். தரகுத் தொகை தரும் இணைப்புகளைப் பகிர்வோருக்கு மட்டும் வேறொரு காரணமும் உண்டு: தரகு விற்பனை விலையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படும்போது, விலை ஏற ஏற அவர்கள் வருவாயும் ஏறும். நோக்கம் எதுவானாலும் கேட்பவர் மனத்தில் நிகழ்வது ஒன்றுதான். உளவியலாளர்களான ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் எண்கள் பொறித்த ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு இருக்கும் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45. தொடர்பே இல்லாத ஓர் எண்ணுக்கு இத்தனை இழுப்பு இருக்குமானால், விவரம் தெரிந்தவர் என்று நம்பும் ஒருவர் சொல்லும் விலைக்கு எவ்வளவு இருக்கும்? அதைக் கேட்ட பிறகு, தான் சொன்ன தொகை தனக்கே அற்பமாகத் தோன்றத் தொடங்குகிறது.

மலிவானதை வாங்கினால் இரண்டு முறை வாங்க நேரும் என்று பலர் வாதிடுகிறார்கள். சில பொருள்களுக்கு அது உண்மைதான். ஆனால் இன்றைக்கு ஒரு பொருள் கட்டாயம் தேவைப்படுகிறது, கையில் இருப்பதோ இவ்வளவுதான் என்ற நிலையில் இருப்பவரிடம், பத்தாண்டுக் கணக்கில் எது லாபம் என்று விளக்குவதால் அந்தப் பணம் எங்கிருந்தும் வந்துவிடாது. கடன் வாங்கி வாங்கினால் வட்டியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அதை யாரும் சேர்த்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

சொன்ன தொகைக்குள் கிடைக்கவே கிடைக்காதவையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. தரச்சான்று இல்லாத தலைக்கவசத்தை விலை குறைவு என்பதற்காகப் பரிந்துரைக்க முடியாது. பழையதை வாங்கச் சொல்லவும் முடியாது, ஏனெனில் அது முன்பே ஒரு விபத்தில் அடி வாங்கியதா என்பது வெளியே தெரியாது. அத்தகைய இடத்தில் "இந்தத் தொகைக்குள் பாதுகாப்பானது கிடைக்காது, காரணம் இது" என்று நேராகச் சொல்வதும், பொறுத்திருந்து வாங்குவது, சான்று பெற்றவற்றிலேயே எளிமையானதைத் தேர்வது போன்ற வழிகளைக் காட்டுவதும் அந்தத் தொகையை மதிக்கும் பதில்தான்.

கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். சொல்லும் தொகையில் வரி, அனுப்பும் செலவு, துணைப்பொருள்கள் அடங்குமா என்பதையும், ஒருமுறை பயன்படுத்தியது சம்மதமா என்பதையும், எந்த வசதியை விட்டுக்கொடுக்க முடியும் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்ல பதில் வர வாய்ப்புக் கூடுகிறது. விலை கூடியதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், முதலில் கேட்ட தொகைக்குள் முழுமையான ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு தனியாக, கூடுதல் பணத்துக்கு அன்றாடப் பயன்பாட்டில் எது மாறும், எது மாறாது என்று எழுதட்டும்.