கக்லோன் இல்லாமல் ஃபோன்ட்யூ

சீஸை வைனில் உருக்கி, பிரெட் துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிடுவதுதான் ஃபோன்ட்யூ. அதற்கென்றே சுவிட்சர்லாந்தில் விற்கும் சட்டிக்குக் கக்லோன் என்று பெயர். கனமான மண்சட்டியாக இருக்கும், அல்லது எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. அது செய்வது ஒரே வேலைதான்: சூட்டைப் பிடித்து வைத்து, மெல்ல விடுவது. சீஸை உருக்க அது தேவையே இல்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். அதற்கும் வழி இருக்கிறது.

உருக்குவதற்கு அடிகனமான ஸ்டீல் பாத்திரம் போதும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் தீ படுகிற இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். பூச்சில்லாத இரும்புக் கடாயில் வைனின் புளிப்பு பட்டு இரும்பு வாசம் ஏறும். மண்சட்டி இருந்தால் நல்லது, ஆனால் மீன் குழம்பு வைத்துப் பழகிய சட்டியை எடுத்துவிடாதீர்கள். முழு வாசமும் சீஸில் இறங்கும்.

இரண்டு பேருக்கு 400 கிராம் சீஸ். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பக்கத்து 'முவாத்தியே-முவாத்தியே' ஃபோன்ட்யூவில், பெயருக்கேற்ப இரண்டு சீஸ் பாதிக்குப் பாதி: க்ரூயேர் 200, வஷ்ரன் ஃப்ரிபூர்ஷுவா 200. வஷ்ரன் கிடைக்காவிட்டால் எம்மென்டால் போடலாம். அதே நாட்டின் நொஷாத்தெல் பக்கத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். மொசரெல்லா வேண்டாம், ரப்பர் நூலாக இழுக்கும். துருவியே பாக்கெட்டில் வருவதும் வேண்டாம். ஒட்டாமலிருக்க அதன்மேல் தூவிய பொடி பதத்தைக் கெடுக்கும். கட்டியாக வாங்கி, துருவி, அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர்ச்சி போனதும் 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர் போட்டுப் பிசிறி வையுங்கள்.

இனிப்பில்லாத வெள்ளை வைன் 200 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், பூண்டு ஒரு பல், மிளகு, ஜாதிக்காய் கொஞ்சம். கிர்ஷ் என்கிற செர்ரிச் சாராயம் ஒரு மேசைக்கரண்டி, இல்லாவிட்டாலும் குறையில்லை. உப்பு போடவே கூடாது, சீஸில் இருப்பதே போதும்.

பூண்டை நறுக்கிப் பாத்திரத்தின் உள்ளே தேய்த்துவிட்டு, வைனையும் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிச் சூடாக்குங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, சீஸை ஒவ்வொரு கைப்பிடியாகப் போடுங்கள். முந்தைய பிடி கரைந்த பிறகுதான் அடுத்தது. மரக்கரண்டியால் 8 போடுவதுபோல் கிண்டினால் நடுவும் ஓரமும் சேர்ந்தே புரளும். பாதியில் பார்த்தால் வைன் தனியாக, சீஸ் தனியாக, உருண்டை உருண்டையாக நிற்கும். இங்கேதான் பலர் பயந்து தீயைக் கூட்டிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். அப்படியே கிண்டிக்கொண்டிருங்கள், இன்னும் சில நிமிடத்தில் தானாகச் சேர்ந்து, தோசை மாவு பதத்தில் பளபளவென்று வரும். மிளகு, ஜாதிக்காய், கிர்ஷ் சேர்த்து இறக்கிவிடலாம்.

சீஸில் உள்ள புரதத்தைக் கால்சியம் கட்டி வைத்திருக்கிறது. வைனின் புளிப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் தளர்ந்து, கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. மாவு அந்தக் கலவையைப் பிரியாமல் காக்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் புரதம் இறுகி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மேலே எண்ணெய், அடியில் சூயிங்கம். வைன் வேண்டாமென்கிறவர்கள் வெறும் தண்ணீர் ஊற்றினால் கிட்டத்தட்ட இதே கதிதான், 180 மி.லி. தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்தால் புளிப்பு ஏறக்குறைய சரியாக வரும். வஷ்ரனை மட்டும் தனியாகத் தண்ணீரில் உருக்கும் முறையும் ஃப்ரிபூரில் உண்டு. அது இளஞ்சூட்டிலேயே உருகிவிடும் சீஸ்.

பிரிந்துபோனதைத் தூக்கிக் கொட்ட வேண்டாம். ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளோரை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து ஊற்றி, சிம்மில் வைத்து விஸ்க்கால் வேகமாக அடித்தால் பெரும்பாலும் கூடி வரும். கெட்டியாகிவிட்டால் சுடவைத்த வைன் கொஞ்சம் விடுங்கள். பச்சை வைனை ஊற்றினால் கட்டி தட்டும்.

இனி மேசை. ஒரு சின்ன டீலைட் மெழுகுவர்த்திக்கு இத்தனை சீஸைச் சூடாக வைத்திருக்கும் தெம்பு கிடையாது, சாக்லேட் ஃபோன்ட்யூவுக்குத்தான் அது. கனமான இரும்பு தோசைக்கல்லை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, தடித்த மரப்பலகைமேல் வைத்து, பாத்திரத்தை அதன்மேல் ஏற்றுங்கள். கால் மணி நேரம் போலத் தாங்கும். ஆறினால் மறுபடி அடுப்பில் சிம்மில் ஒரு நிமிடம். மண்சட்டியை மட்டும் காய்ந்த கல்லில் வைக்காதீர்கள், விரிசல் விடும். அகலமான பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி அதற்குள் இறக்குவது இன்னும் பத்திரம், நீரை அவ்வப்போது மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மின் இன்டக்‌ஷன் அடுப்பை மேசைக்கே கொண்டுவர முடிந்தால் இந்த வித்தையெல்லாம் எதற்கு?

முந்தைய நாள் பிரெட்தான் சரி. ஒவ்வொரு துண்டிலும் மொறுமொறுப்பான ஓரம் இருக்கும்படி வெட்டி, மென்மையான பக்கத்திலிருந்து குத்தி, ஓரத்தில் முள்கரண்டி இறங்கும்படி பிடித்தால் துண்டு சட்டிக்குள் விழாது. தோய்க்கும்போது ஒவ்வொருவரும் அடிவரை ஒரு கலக்குக் கலக்க வேண்டும். கிண்டாமல் விட்ட ஃபோன்ட்யூ சீக்கிரம் பிரியும்.

கடைசியில் அடியில் மெல்லிய படலம் மிஞ்சும். அடுப்பில் குறைந்த தீயில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் பொன்னிறமாகி, அப்பளம்போல் பெயர்ந்து வரும். பிரெஞ்சு பேசும் சுவிஸ்காரர்கள் அதை 'ரெலிஜியூஸ்' என்கிறார்கள். சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தைப் பச்சைத்தண்ணீரில் ஊறப்போடுங்கள், வெந்நீர் ஊற்றினால் மிச்சச் சீஸ் இன்னும் இறுகிப் பிடிக்கும்.